கெடா கைமாறிய மார்ச் மாதம்

'கரங்கான்' என்றதும் பள்ளி ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்குகிறவர்கள் நம்மில் பலர். மலாய்ப் பாடத்தில் கட்டுரை எழுதச் சொல்லும் அந்தச் சொல், கெடாவில் ஓர் ஊரின் பெயர். கூலிம் மாவட்டத்தில் செம்பனைக்கும் மிச்சமிருக்கும் பால்மரத்துக்கும் நடுவே ஓடும் சாலையில், கண் இமைத்தால் தாண்டிவிடக்கூடிய சின்னப் பட்டணம். பக்கத்துத் தோட்டத்துக்குப் பெயர் டப்ளின். அயர்லாந்துத் தலைநகரின் பெயரில் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டியிருக்கிறார்கள்!

இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இன்று கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்கிறார்கள். அங்குள்ள இன்ஃபினியோன் ஜெர்மனி நிறுவனம். ஏடி அண்ட் எஸ் ஆஸ்திரியா நிறுவனம். இந்த இரண்டு நாட்டுப் பெயரையும் சேர்த்துக் கேட்டால் வரலாறு படித்தவர்களுக்கு 1914 நினைவுக்கு வரும். முதலாம் உலகப் போரில் இரண்டும் ஒரே அணி. அந்தப் போருக்கு இட்டுச் சென்ற பகைக்கும் கரங்கானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

கெடாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்ததைச் சொல்வோம். அங்கிருந்து ஒரே தாவலாகக் கப்பலேறி வந்த தாத்தா கதைக்குப் போய்விடுவோம். நடுவில் 1909 என்று ஓர் ஆண்டு இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமான ஆண்டு.

அதுவரை கெடா சயாமின் மேலாண்மையில் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த பூச்செடிகளைப் பேங்காக்குக்கு அனுப்பவேண்டும். சுல்தான் அப்துல் ஹமிட் காலத்தில் அரண்மனைக் கல்யாணங்கள் தடபுடலாக நடந்து, கஜானா காலியாகி, 1905-இல் சயாமிடமே 2.6 மில்லியன் டாலர் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கூடவே ஒரு நிதி ஆலோசகரும் வந்து உட்கார்ந்தார். கல்யாணக் கடன் என்ன செய்யும் என்பது நம் வீடுகளுக்குப் புதிதா என்ன?

ஆனால் கெடா கைமாறியது அந்தக் கடனால் மட்டும் அல்ல. பினாங்கில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு ஜெர்மனி மீது பயம். 1897-லேயே சயாமோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு, தீபகற்பத்தில் வேறு எந்த நாட்டுக்கும் பிரிட்டனைக் கேட்காமல் இடம் கொடுக்கக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பிறகு பென் மேயர் என்ற ஜெர்மன் வணிக நிறுவனம் லங்காவி மீது கண் வைத்தது. கடை போடுவது மாதிரி வந்து கடற்படைக்குத் துறைமுகம் அமைத்துவிடுவார்களோ என்று லண்டன் கவலைப்பட்டது. சயாமின் ரயில் துறையோ ஜெர்மன் பொறியாளர்கள் கையில் இருந்தது. பாக்தாத் நோக்கி ஜெர்மன் தண்டவாளம் போவதையே பொறுக்காதவர்கள், மலாயா எல்லை வரை அது வந்தால் பொறுப்பார்களா?

10 மார்ச் 1909 அன்று பேங்காக்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கின் மீதும் சயாமுக்கு இருந்த உரிமை பிரிட்டனுக்குப் போனது. பதிலுக்குச் சயாமுக்கு 4 மில்லியன் பவுன் ரயில் கடன். தென்பகுதிப் பாதையை ஜெர்மானியர் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

அந்த மார்ச் மாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே மாதம் லண்டன் நாடாளுமன்றத்தில் ஜெர்மனி நம்மை மிஞ்சிப் போர்க்கப்பல் கட்டுகிறது என்று பெரும் கூச்சல். அதே மாதம் ஐரோப்பாவின் தென்கிழக்கில், போஸ்னியாவை ஆஸ்திரியா விழுங்கியதைச் செர்பியாவும் ரஷ்யாவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டன. ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குப் பின்னால் நின்று மிரட்டியதுதான் காரணம். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில்தான் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். இந்தத் தடவை ரஷ்யா விட்டுக்கொடுக்கவில்லை. போர் வெடித்தது.

சுல்தானை யாரும் கேட்கவில்லை. வாங்கியவரை மன்னிக்கலாம், விற்றவரை எப்படி மன்னிப்பது என்று அவர் மனம் நொந்ததாகச் சொல்வார்கள். 1923-இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தில், எங்களைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று கெடா எழுதி வாங்கியது. சூடு கண்ட பூனை!

கூலிம் வட்டாரத்தில் 1909-க்கு முன்பே தோட்டங்கள் உண்டு. ஆனால் ஆட்சி மாறிய மறு ஆண்டே ரப்பர் விலை உச்சத்துக்குப் போக, ஆங்கிலேய முதலாளிகளின் பணம் கெடாவுக்குள் தைரியமாகக் கொட்டியது. காடு அழிந்து லயங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி இந்தப் பக்கம் வந்தார்கள். பேங்காக் கையெழுத்து பற்றி அவர்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

போர் மட்டும் தானாகவே தேடி வந்தது. செப்டம்பர் 1914-இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. ரஷ்யக் கப்பல் செம்சுக் அங்கேயே மூழ்கியது. கெட்டிக்காரப் பயலை 'எம்டன்' என்று திட்டும் பழக்கம் நமக்கு அதிலிருந்து வந்ததுதான்.

அந்த 1909 கடனில் போட்ட தண்டவாளம் 1918-இல் பாடாங் பெசாரில் மலாயா பாதையோடு இணைந்தது. 1943-இல் ஜப்பானியர் கெடாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை மரண ரயில் வேலைக்கு அள்ளிச் சென்றது அந்தப் பாதையில்தான். அதே ஆண்டு அக்டோபரில் கெடாவையும் தூக்கித் தாய்லாந்திடம் கொடுத்தார்கள். 1923-இல் எழுதி வாங்கிய தாள் அப்போது எதற்கும் உதவவில்லை.

பள்ளி விடுமுறையில் கரங்கான் பக்கம் போகிறவர்கள் அப்படியே பாலம் தாண்டிப் பினாங்குக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஜாலான் உத்தாமாவில் உள்ள கிறிஸ்தவக் கல்லறையில் செம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னம் இருக்கிறது. காலையில் போனால் வெயில் தெரியாது.