106-ஆம் எண் கார்டு

என் தங்கையின் பேரன், நியூ ஜெர்சியிலே பிறந்து வளர்ந்தவன், ஒரு பேஸ்பால் கார்டு வாங்க 400 டாலர் வேண்டுமென்று கேட்டபோது, எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தத் தொகையைக் காட்டிலும் அதற்கு அவன் கொண்டுவந்து நிறுத்திய சாட்சிதான். கார்டின் மூலையிலே பொன் மையில் 37/50 என்று அச்சிட்டிருந்தது. அதாவது, உலகத்தில் இந்த மாதிரி 50 கார்டுகளே உண்டு, அவற்றுள் இது முப்பத்தேழாவது. "ஹோனஸ் வாக்னர் கார்டு கதை உங்களுக்குத் தெரியாதா தாத்தா? சின்னப் பசங்க சிகரெட் வாங்கிக் கெட்டுப்போகக் கூடாதுன்னு அவரே நிறுத்தச் சொல்லிட்டார். அதனாலதான் கார்டு கொஞ்சம், கொஞ்சமா இருக்கறதாலதான் அந்த விலை" என்றான். 2022-ஆம் ஆண்டில் வாக்னர் கார்டு ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது என்பது மெய்யே. ஆனால், ஒரு ஆட்டக்காரரின் தர்மசிந்தையும் ஏலக்காரர்களின் லட்சங்களும் இத்தனை லட்சணமாகப் பொருந்தி நிற்கும் கதையைக் கேட்டால், முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது என் சுபாவம்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த 524 சித்திரங்களில் பிட்ஸ்பர்க் அணியின் வாக்னருடையதும் ஒன்று. அந்தக் கார்டு ஒன்றரை அங்குல அகலங்கூட இல்லாதது. பின்புறத்தில் புகையிலை விளம்பரம். அவர் ஏன் மறுத்தார் என்பதை நிர்ணயிப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் கார்டுக் கடை வைத்திருக்கும் ஒரு கிழவரிடம் போனேன். அந்த மனிதர் வாய் திறந்தால் விலையைத் தவிர வேறொன்றும் சொல்லாதவர். கதை கேட்க வந்தவனை வாடிக்கைக்காரனாக மதிப்பதில்லை என்று விரதம் பூண்டவர் போலிருந்தார். நான் சிறுவர்களைப் பற்றியும் சிகரெட்டைப் பற்றியும் பிரஸ்தாபித்ததும், எழுந்து போய் உள்ளே எதையோ துழாவி, 1940-களின் இறுதியில் லீஃப் கம்பெனி வெளியிட்ட கார்டு ஒன்றை என் முன்னே வைத்துவிட்டுத் தம் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். அதிலே, முதுமையடைந்து அணியின் பயிற்சியாளராக இருந்த அதே வாக்னர், மெல்லும் புகையிலையை வாயிலே போட்டுக்கொள்ளும் கோலத்தில், கொஞ்சமும் கூச்சமின்றிக் காட்சியளித்தார்.

புகையிலை மெல்லுகிறவர் குழந்தைகள்மீது கருணை கொள்ளக் கூடாதென்று சட்டமில்லையே என்று நான் வாதாடினேன். கிழவர் தலையை நிமிர்த்தவில்லை. பழைய பத்திரிகைகளிலே தேடியபோது கிடைத்த செய்தியோ ஸ்வாரஸ்யமானதுதான். வாக்னரிடம் அனுமதி வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக ஜான் க்ரூபர் என்ற பிட்ஸ்பர்க் நிருபரிடம் கம்பெனி சொல்லியிருந்ததென்றும், சிகரெட்டோடு தம் படம் போவதில் தமக்கு விருப்பமில்லையென்று பதில் எழுதிய வாக்னர், நண்பருக்கு அந்த 10 டாலர் நஷ்டமாக வேண்டாமென்று அதே தொகைக்கு ஒரு செக்கையும் உடன் வைத்து அனுப்பிவிட்டார் என்றும் 1912-ஆம் ஆண்டு 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' கூறுகிறது. எத்தனை நேர்த்தியான மனிதர்! ஆனால் குழந்தைகளைப் பற்றி அதிலே ஒரு பேச்சும் இல்லை. கருணையால் மறுத்தார் என்பாரும், கூலி போதாமல் மறுத்தார் என்பாரும் இன்றுவரை இரண்டு கட்சியாக நின்று வழக்காடுகிறார்கள், செத்துப்போன மனிதரின் மனத்துக்குள் புகுந்து தீர்ப்புக் கூற நான் யார் என்ற அலுப்போடு மறுபடியும் கடைக்குப் போனபோது, கிழவர் முதன்முறையாகத் தாமாகவே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "எடி பிளாங்க் கதை என்ன?"

அப்படியொரு கதை எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் விஷயம் என்றார். அதே தொகுதியில் பிளாங்க் என்ற பந்து வீச்சாளரின் கார்டும் மிக அபூர்வமானது. அச்சுத் தகடு உடைந்ததென்பதுபோல் யூகங்கள் உண்டே தவிர, ஊர் வாயில் புரளும்படியான கதை அதற்கு அமையவில்லை; ஆகவே விலையும் வாக்னரின் விலைக்கு நெடுந்தூரம் கீழே கிடக்கிறது. குறைவு என்பது விலையின் ஒரு காலென்றால் மற்றொரு கால் எது என்ற யோசனை அந்தக் கணத்திலேதான் என்னைப் பற்றிக்கொண்டது. வாக்னரின் மனசாட்சியை அதன் போக்கில் விட்டுவிட்டு, அந்தக் கார்டுக்கு முதலில் விலை போட்டவர் யாரென்று தேடலானேன்.

அந்தத் தேடல் என்னை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொண்டு சேர்த்தது. சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர், கடுமையான மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிப்போன பிரம்மசாரி, பிறர் குப்பையில் போடும் விளம்பரச் சீட்டுகளையும் வாழ்த்து அட்டைகளையும் சிகரெட் படங்களையும் ஆயுள் முழுவதும் சேகரித்து, 3 லட்சத்துக்கு மேற்பட்ட அந்தப் பொக்கிஷத்தை ஒரு காசு வாங்காமல் இந்த மியூசியத்துக்குக் கொடுத்தார்; கொடுத்ததோடு நில்லாமல் தாமே நியூயார்க்குக்குக் குடிவந்து, வலிக்கும் கைகளால் அவற்றை ஆல்பங்களிலே ஒட்டி முடித்து, முடித்த சில வாரங்களுக்குள்ளே 1963-இல் காலமானார். சேகரிப்போருக்காக 1939-இல் அவர் வெளியிட்ட பட்டியல்தான் இந்த வியாபாரம் முழுவதற்கும் அஸ்திவாரம். வாக்னர் தொகுதியை இன்றும் உலகம் டி206 என்றுதான் அழைக்கிறது. அது அவர் இட்ட பெயர். சில்லறைக் காசு பெறும் கார்டுகளுக்கு நடுவே வாக்னருக்கு மட்டும் 50 டாலர் என்று குறித்தவரும் அவரே. ஒரு பட்டியல் இருந்தாலல்லவா எது இல்லை என்பது தெரியும்!

பர்டிக்கைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியிலும் ஒரு குறை உறுத்திக்கொண்டிருந்தது. வாக்னர் கார்டை யாரும் 50 என்றோ 60 என்றோ திட்டமிட்டு அச்சிடவில்லை. அது தடைப்பட்டுப் போனதால் குறைந்தது. 2022-இல் 126 லட்சம் டாலருக்கு விற்ற, 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் கம்பெனியின் மிக்கி மான்டில் கார்டும் அப்படித்தான்: விற்காமல் தங்கிய பெட்டிகளைப் படகிலேற்றி 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்தக் கம்பெனியின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அப்படியானால், வேண்டுமென்றே குறைத்து விற்பது என்ற யுக்தி யாருக்கு முதலில் உதித்தது?

இந்தக் கேள்விக்குக் கிழவர் விலை சொல்லாமல் பதில் சொன்னார். 1933-இல் பாஸ்டனின் கௌடி கம்பெனி, காசுக்கு ஒரு சூயிங்கமும் ஒரு கார்டுமாக, 1 முதல் 240 வரை எண்ணிட்டு ஒரு தொகுதி வெளியிட்டது. அதிலே 106-ஆம் எண் கிடையாது. அச்சிடவே இல்லை. அந்த ஒன்றைத் தேடிப் பிள்ளைகள் மேலும் மேலும் சூயிங்கம் வாங்கட்டும் என்பதே உத்தேசம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஏமாந்தவர்களில் சிலர் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். மறு வருஷம், நெடுநாள் முன்பே ஓய்வு பெற்றுவிட்ட நாப் லாஜோய் என்ற ஆட்டக்காரரின் படத்தை 106-ஆம் எண்ணாக அச்சிட்டு, புகார் எழுதியவர்களுக்கு மட்டும் கடிதத்தோடு தபாலில் அனுப்பி வைத்தார்கள். கடிதத்தோடு சேர்த்துச் செருகிய கிளிப்பின் தழும்பு இன்று எஞ்சியுள்ள கார்டுகள் பலவற்றின் விளிம்பிலே தெரிகிறது. வேறெந்தக் கார்டிலும் குறையாக எண்ணப்படும் அந்தத் தழும்பு, இதிலே வம்சாவளிப் பத்திரம் போலாகிவிட்டது.

அதற்குப் பிற்பட்ட சரித்திரத்தை விரைவாகவே கடக்கலாம். 1980-களின் இறுதியில் கம்பெனிகள் கணக்கு வழக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்களுக்குக் காகிதம்தான் மிஞ்சியது. அந்த வெள்ளத்தின் நடுவிலேதான் எண்ணிடும் வழக்கம் தலைகாட்டியது: 1991-இல் டான்ரஸ் கம்பெனி தன் எலைட் கார்டுகளில் வகைக்கு 10,000 என்று வரிசை எண் இட்டது. அன்று 10,000 என்பதே அபூர்வம்!

பேரனின் கார்டுக்கு வருவோம். அதே ஆட்டக்காரர், அதே படம், அதே பந்தடி. ஓரத்து வர்ணம் மட்டும் வேறு. ஊதா ஓரத்தில் 250, நீலத்தில் 150, பச்சையில் 99, பொன்னில் 50, ஆரஞ்சில் 25, சிவப்பில் 5, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றே ஒன்று. எண்ணில்லாத சாதாரணக் கார்டுகள் தனி. ஆக, குறைத்திருப்பது ஆட்டக்காரரின் படத்தையன்று, பொன்னிற ஓரத்தை. இதற்கு 400 டாலர் தருவதற்கில்லை என்று நான் சொல்லிவிட்டேன். லாஜோய் கதையையும் சேர்த்தே சொன்னேன்.

பையன் வாதம் செய்யவில்லை. உள்ளே போய், பிரித்த பாக்கெட்டுக் காகிதம் ஒன்றை எடுத்துவந்து, எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்த பகுதியை எனக்குப் படித்துக் காட்டினான்: வாங்கினால்தான் அதிர்ஷ்டம் என்றால் அது லாட்டரியாகிவிடும் என்ற சட்ட பயத்தால், காசு கொடுத்து வாங்காதவர்களும் கைப்பட விலாசம் எழுதிய சீட்டொன்றைத் தபாலில் அனுப்பினால் எண்ணிட்ட கார்டு விழும் வாய்ப்பு அவர்களுக்கும் உண்டென்று கம்பெனியே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறது. "இது புகார் லெட்டர் இல்லைதான் தாத்தா, ஆனாலும் லெட்டர்தானே?" என்றான். தபால்தலைச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன்.