கேட்டுக்கு உள்ளேயும் ரோடுதான்!



"டேய், கேட்டுக்குள்ள வந்தாச்சு. இனி ஹெல்மெட் எதுக்குடா?"

நம் கல்லூரி வாசலில் தினமும் காலையில் என் காதில் விழும் வசனம் இது. மெயின் ரோட்டில் போலீசுக்குப் பயந்து நல்ல பிள்ளையாக வந்தவர்கள், வாட்ச்மேன் அண்ணனைத் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறார்கள். பெல் அடித்ததும் ஒர்க் ஷாப்பிலிருந்தும் டிராயிங் ஹாலிலிருந்தும் வருகிற அத்தனை பேரும் நடப்பது அதே பாதையில்தான். நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது.

ஒர்க் ஷாப்பில் நாம் எப்படி இருக்கிறோம்? ஷூ இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சக் கீயை எடுக்காமல் லேத்தை ஓட விட்டால் சாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய மெஷினுக்கே இத்தனை ஜாக்கிரதை என்றால், ஓடுகிற மெஷினுக்கு எவ்வளவு வேண்டும்?

முதலாண்டு பிசிக்ஸைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். குறுக்கே ஆள் வருவதைப் பார்த்து பிரேக்கை அழுத்தவே ஏறக்குறைய 1 நொடி ஆகிவிடும். அதற்குள் வண்டி 10 மீட்டர் போயிருக்கும். மணிக்கு 18 கி.மீ.யில் வந்தால் 5 மீட்டர்தான். அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் நான்கு மடங்கு. பரீட்சையில் இது 2 மார்க் கேள்வி. ரோட்டில் ஓர் உயிர்.

சென்ற ஆண்டு கேன்டீன் திருப்பத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா மீது ஒரு பைக் மோதியது. ஓட்டியவன் கெட்ட பையன் இல்லை. டெஸ்ட்டுக்கு லேட்டாகிவிட்டது, அவ்வளவுதான். அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்து 3 மாதம் வேலை இல்லை. தினக்கூலிக்காரருக்கு மெடிக்கல் லீவு ஏது? திரும்பி வந்தபோது, "வண்டிச் சத்தம் கேட்டாலே கை நடுங்குது தம்பி" என்றார்.

முதலாண்டுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது முடித்து 15, 16 வயதில் வருகிறீர்கள். கியர் வண்டி லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அப்பாவின் பைக்கில் ஒரு ரவுண்டு அடிக்க, அப்பாவையே ஜாமீனாக வைக்கலாமா?

நடப்பவர்களும் காதில் இயர்போன், கண் செல்போனில் என்று நாலு பேர் கைகோத்துச் சுவர் மாதிரி போகாதீர்கள். பின்னால் வருகிறவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான்?

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பைக் ஸ்டாண்டைக் கேட்டை ஒட்டியே போடச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். அங்கிருந்து வகுப்புக்கு ஐந்து நிமிட நடைதான். வண்டி வைத்திருக்கிறவனும் இல்லாதவனும் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாம். அக்காவும் பயமில்லாமல் பெருக்கலாம்.

டிப்ளமோ வாங்க மூன்று வருஷம் ஆகும். அதை வாங்கக் கையும் காலும் முழுசாக இருக்க வேண்டாமா, நண்பர்களே?