பெட்டியின் சாவி யாரிடம்?



வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்றவர்களின் வீடுகளுக்கு எண்பதுகளில் கடிதங்களோடு ஒலிநாடாக்களும் வரும். ஊர் திரும்பும் யாரிடமேனும் கொடுத்தனுப்பப்படும் அவற்றில் தகப்பனின் குரல் வீடு வந்து சேரும். ரியாத்திலிருந்து என் வாப்பா அனுப்பியவற்றில் பூஞ்சை பிடித்தவை போக 31 நாடாக்கள் எஞ்சின. வாப்பா மவுத்தான பின் அவற்றைக் கணினியில் ஏற்றினேன். அவற்றோடு நிக்காஹ் படங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 500 ஜிபி. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் கடலோர ஊரில், இத்தனையும் ஒரே கணினியில் இருப்பது பாதுகாப்பன்று.

இத்துறையினர் 3-2-1 என்றொரு விதி சொல்வார்கள். எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணினியும் ஹார்டு டிஸ்கும் ஒரே அறையில் இருந்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோய்விடும். 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இணையவழிக் காப்புச் சேவை ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை பெரும்பாலும் ஒத்திசைவுக்காகவே பயன்படுகின்றன. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அது அழியும். கூகுள் டிரைவின் கழிவுப் பெட்டியில் 30 நாள் கிடந்து பின்னர் மறைந்துவிடும். பிள்ளைகள் தவறுதலாக அழித்த படத்தை நாம் பெருநாளன்று தேடும்போதுதான் உணர்வோம். காப்புச் சேவை என்பது பழைய பதிப்புகளையும் குறிப்பிட்ட காலம் சேமித்து வைப்பது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள் தாக்கினாலும், தாக்குதலுக்கு முந்தைய பதிப்பை மீட்க முடியும். எனவே எத்தனை நாள் பழைய பதிப்பை வைத்திருப்பார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இவற்றையெல்லாம் உம்மாவிடம் விளக்கியபோது அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "நம்ம வூட்டுப் பொம்பளைங்க படமெல்லாம் அந்நியன் பெட்டியிலயா வாப்பா? சாவி யாருகிட்ட இருக்கும்?"

படிப்பறிவு குறைந்த அவர்களின் கேள்வியில்தான் தேர்வே அடங்கியிருந்தது. பெண்கள் தமக்குள் மட்டும் எடுத்துக்கொண்ட படங்கள், வாப்பா தம் கடன்களையும் மனக்குறைகளையும் மனைவியிடம் மட்டும் சொன்ன பேச்சுகள் யாவும் அமானிதங்கள். ஏறக்குறைய எல்லாச் சேவைகளும் கோப்புகளைக் குறியாக்கம் செய்தே வைக்கின்றன. ஆனால் வழக்கமான ஏற்பாட்டில் அதன் சாவி நிறுவனத்திடமே இருக்கும். நமக்கு மட்டுமே தெரிந்த தனிச் சாவியை வைத்துக்கொள்ளும் வசதி சில சேவைகளில் உண்டு. அவற்றிலும், மீட்கும் வேளையில் அச்சாவியை நிறுவனத்தின் தளத்தில் தர வேண்டியவை சில. நம் கணினியிலேயே பூட்டைத் திறப்பவை சில. நான் இரண்டாம் வகையைத் தேர்ந்தேன்.

தனிச் சாவிக்கு ஒரு விலையும் உண்டு. அதை மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் திறந்து தர இயலாது. நான் மவுத்தாகிவிட்டால் என் குரலைக் கேட்க விரும்பும் பிள்ளைகளுக்கும் அது திறக்காது. ஆகவே சாவியைக் காகிதத்தில் எழுதி, ஒரு பிரதியை வீட்டு அலமாரியில் பத்திரங்களோடும், மற்றொன்றைச் சென்னையில் ராத்தா வீட்டிலும் வைத்தேன். நாம் எழுதும் வஸிய்யத்தில் நிலமும் நகையும் இடம்பெறுவதுபோல் இனி இத்தகைய சாவிகளும் இடம்பெற வேண்டும்.

நடைமுறைச் செய்திகள் சில. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 500 ஜிபியை ஏற்றுவதற்கு இடைவிடாமல் ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். இரவில் மட்டும் ஓடவிட்டால் இரண்டு வாரங்கள். வெளிநாட்டு நிறுவனமாயின் ஆண்டுக் கட்டணம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தொடர் கட்டணத்துக்கு நாம் முன்கூட்டியே ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சேவை நின்றுபோகவும் கூடும்: கிராஷ்பிளானை நடத்திய நிறுவனம் வீட்டுப் பயனாளர்களுக்கான சேவையை நிறுத்துவதாக 2017இல் அறிவித்தது, அதன் வாடிக்கையாளர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. அதனால்தான் ராத்தா வீட்டில் சாவியோடு ஒரு ஹார்டு டிஸ்கும் இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்கள் அதைக் கொண்டுவருவார்கள். புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன்.

இறுதியாக ஒன்று. ஏற்றிவிட்டோம் என்பதோடு பொறுப்பு முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். பெற்றோர் உயிரோடு இருப்பவர்கள் அதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள்: இன்றே அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவே செய்யாத குரலை எந்தச் சேவையாலும் மீட்டுத் தர முடியாது.