முடிவு தெரிந்த பிறகு

சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் உத்தியோகங்கள் உலகத்தில் மிகச் சில. அவற்றுள் தலைசிறந்தது விளையாட்டு நிருபர் உத்தியோகம் என்பது என் உறவினர்களின் ஏகோபித்த அபிப்பிராயம். "உனக்கு என்னப்பா! ஊரார் விடிவதற்கு முன்பே வாலாஜா ரோட்டில் க்யூவில் நின்று டிக்கெட் வாங்குகிறார்கள். உனக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மாதம் பிறந்தால் சம்பளமும் கொடுக்கிறார்கள்!" என்பார்கள். ஆகவே, 22 வருஷம் பார்த்த அந்த உத்தியோகத்தை 2007-ஆம் வருஷம் நான் ராஜினாமாச் செய்தபோது, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே அவர்கள் தீர்மானித்தார்கள்.

"உத்தியோகத்தை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார் என் மாமா.

"கதை எழுதப் போகிறேன், மாமா."

"இத்தனை நாளும் எழுதினாயே, அது என்னவாம்?"

மாமா தமாஷாகத்தான் கேட்டார். ஆனால் அதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. அன்றைக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நிருபர் ஆட்டத்தைப் பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் அவர் பார்ப்பது கடியாரத்தை. ஐந்து மணிக்கு ஆட்டம் முடியும். ஆறரைக்குள் வெளியூர்ப் பதிப்புக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். அதனால் நாலு மணிக்கே இரண்டு ஆரம்பங்கள் எழுதி வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. கோயமுத்தூரிலோ திருநெல்வேலியிலோ பந்தயம் என்றால் இன்னும் கஷ்டம். ட்ரங்கால் போட்டு, மறுமுனையில் காதில் போனை இடுக்கிக்கொண்டு எழுதும் உதவி ஆசிரியருக்கு ஒவ்வொரு பெயரையும் கத்திக் கத்திச் சொல்ல வேண்டும். பின்னால் டெலக்ஸ் வந்தது, பாக்ஸ் வந்தது, மடியில் வைத்துத் தட்டும் கம்ப்யூட்டரும் வந்தது. ஆறரை மணி மட்டும் மாறவே இல்லை.

பாஷைச் சங்கடம் தனிக் கதை. எங்கள் ஆபீஸில் புரூப் பார்த்த பெரியவர் தமிழ் வித்துவான். கிரிக்கெட்டில் 'ஸில்லி பாயிண்ட்' என்று ஓர் இடம் உண்டல்லவா? அதை ஒரு நாள் 'அசட்டு முனை' என்று திருத்திவிட்டார். "ஓங்கிய மட்டைக்கு இரண்டு கஜ தூரத்தில் போய்க் குனிந்து நிற்கிறவனை வேறு என்னவென்று சொல்வது?" என்பது அவர் கட்சி. மறுநாள் ஒரு வாசகர்கூட ஆட்சேபிக்கவில்லை.

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நிருபர் கூடத்தில் உட்கார்ந்து கைதட்டக் கூடாது. கட்சி கட்டினால் பார்வை கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல சட்டந்தான். ஆனால் மூன்று சந்தர்ப்பங்கள் எனக்கு வேறு ஏதோ பாடம் சொல்லிக் கொடுத்தன.

முதலாவது, 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட். பக்கிங்காம் கால்வாயின் வாடையும் புழுங்கும் வெயிலும் சேர்ந்து வாட்ட, டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 ரன் வேண்டும். கடைசி ஓவரில் ஸ்கோர் சமமாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ரன்! மாத்யூஸ் போட்ட ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ என்று நடுவர் விரலைத் தூக்கினார். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன் ஒரே தடவைதான், 1960-ல் பிரிஸ்பேனில், அப்படி நடந்திருந்தது. என் பையில் இருந்த இரண்டு ஆரம்பங்களும் குப்பைக் கூடைக்குப் போயின.

அவசர அவசரமாக மூன்றாவது ஒன்றை எழுதி அனுப்பினேன். என் வேலை அத்துடன் முடிந்தது, மணீந்தருக்கு முடியவில்லை. பந்து முதலில் தம் மட்டையில்தான் பட்டது என்று எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கோர் அட்டையில் அவருக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதன் எத்தனை காலம் குடியிருக்க வேண்டியிருக்கிறது!

இரண்டாவது, 1999 ஜனவரியில் அதே மைதானத்தில் பாகிஸ்தானுடன் நடந்த பந்தயம். முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு டெண்டுல்கர் 136 ரன் எடுத்தார். இன்னும் 17 ரன் வேண்டியிருக்கையில் அவர் ஆட்டமிழந்தார். மீதி மூன்று பேரும் நாலே ரன்னுக்குள் விழுந்தார்கள். 12 ரன் வித்தியாசத்தில் தோல்வி. கூட்டம் ஒரு கணம் ஸ்தம்பித்துவிட்டது. பிறகு ஒருவர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள், மைதானமே எழுந்து நின்று ஜெயித்து வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கைதட்டியது. சென்னை ஜனங்களை நினைத்து என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. சட்டப்படி நான் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்ட நாயகன் பரிசு டெண்டுல்கருக்குத்தான். அதை வாங்க அவர் வெளியே வரவில்லை. அந்தக் கைதட்டல் அடைத்த கதவுக்குள்ளே எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். அதை எழுத எங்கள் பத்தியில் இடம் கிடையாது.

மூன்றாவதுதான் என்னைக் கிளப்பியது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கொஞ்ச நாளைக்கெல்லாம், பெண்தானா என்று பரிசோதனை செய்து பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். முதல் வாரம் அவருடைய வறுமையைப் பாராட்டி எழுதிய பேனாக்கள், மறு வாரம் அவருடைய உடம்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கின. அந்த ஓட்டம் முழுவதும் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாழ வேண்டிய நாட்கள் எத்தனை ஆயிரம்! அந்த நாட்களைப் பற்றி எழுத விளையாட்டுப் பக்கத்தில் தலைப்பே இல்லை. பிற்பாடு அவர் பயிற்சியாளராகி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக் கொடுக்கலானார். பதக்கத்தைவிடப் பெரிய செய்தி அது. ஆனால் எந்த ஸ்கோர் போர்டிலும் வராத செய்தி.

மாமாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். முடிவு தெரிந்ததும் நிருபரின் கதை முடிந்துவிடுகிறது. எனக்கோ, முடிவு தெரிந்த பிறகுதான் கதை ஆரம்பமாகிறது என்று தோன்றத் தொடங்கியது. அப்படித் தோன்றிவிட்டவன் ஆறரை மணிக்குள் எழுதி முடிப்பது பத்திரிகைக்கும் நல்லதல்ல, அவனுக்கும் நல்லதல்ல.

பிரிவுபசாரம் சிக்கனமாக நடந்தது. போண்டா, காபி, ஒரு பேனா. என் நாற்காலிக்கு வந்த பிள்ளையாண்டானிடம் டெலிபோன் நம்பர்கள் எழுதிய டைரியைக் கொடுத்தேன். பயிற்சியாளர்கள், மைதானக் காவலர்கள், முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அதைக் கொடுத்தபோதுதான் மனசு கனத்தது. ராஜினாமாக் கடிதம் எழுதியபோதுகூட அவ்வளவு கனக்கவில்லை.

நஷ்டம் இல்லையா என்றால், உண்டு. முதல் நாள் எழுதியதை மறுநாள் காலையில் டீக்கடையில் யாராவது உரக்கப் படிப்பார்கள். அந்த சுகம் கதைக்காரனுக்குக் கிடையாது. ஒரு பாராவோடு மூன்று மாதம் மல்லுக்கு நின்றாலும் கேட்பார் இல்லை. கடியாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன், சில நாட்களில் அது வந்து என்னை விரட்டினால் தேவலை என்று ஏங்குகிறேன்.

லாபமும் உண்டு. அடுத்த சீஸனில் நானும் வரிசையில் நின்று, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, சேப்பாக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு புதுப் பையன் அழகாகப் பந்தைத் தடுத்து நிறுத்தினான். சுற்றிலும் எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு, நான் ஒருவன் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

22 வருஷத்துப் பாக்கி என்று அவருக்கு எப்படித் தெரியும்?