அந்தப் பை

“ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனி அந்தப் பை எதுக்கும்மா?” என்றார் டாக்டர். அம்மாவுக்கு அப்போது 42 வயது. பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. கட்டி இருந்தது, எடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். என் கோபமெல்லாம் அந்தக் கேள்வியின் மேல்தான்.

பிறகு நுண்ணுயிரியல் படித்தபோது பதிலில் கொஞ்சம் கிடைத்தது. கர்ப்பப்பையின் உட்பரப்பில் ஒற்றை வரிசையாக, இடுக்கு விடாமல் ஒட்டி நிற்கின்றன செல்கள். வெறும் சுவர் இல்லை. பாக்டீரியாவின் பாகங்களை அடையாளம் காணும் ஏற்பிகள் அவற்றில் உண்டு. கிருமியின் சவ்வைத் துளைக்கும் டிஃபென்சின், அதற்கு இரும்புச்சத்து கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின் எல்லாம் அவையே சுரக்கின்றன. வேதிச் செய்தி அனுப்பி வெள்ளணுக்களையும் வரவழைக்கின்றன.

ஆனால் வருகிற அந்நியரையெல்லாம் விரட்டினால் கரு எப்படித் தங்கும்? அதில் பாதி அப்பாவுடையது, தாயின் உடலுக்கு அந்நியம். அதனால் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன் அளவு மாற மாற, இந்தக் காவலும் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான், தேர்வுக்கு வரவில்லை.

மாதவிடாயில் மேலடுக்கு உதிர்கிறது. அடியில் மிஞ்சிய சுரப்பிகளிலிருந்து செல்கள் பரவி, சில நாளில் புண்ணை வடு இல்லாமல் மூடிவிடுகின்றன. அந்த நாட்களில்தான் பாட்டி, “கெட்ட ரத்தம்” என்று எங்களைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்தாள்.

அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன்.

“அப்ப அது சும்மா இருக்கலையா?” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த டாக்டர் இப்பவும் அங்கதான் இருக்காரா?” என்று கேட்டாள்.