பெரிய நாடு, சிறிய விடுமுறை

“இந்தியாவுக்குப் போகிறோம்” என்று நம்மவர்கள் சொல்லும்போது, ஏதோ பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போய் வருவதைப் போலத்தான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளிச் சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் ஒரு நூல்கண்டுடன் நின்ற அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது.

2018ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறை அது. பயணத்துக்கு எங்களால் ஒதுக்க முடிந்தது 14 நாள். போகிறவர்கள் ஐந்து பேர்: அம்மா, நான், என் மனைவி, பதினைந்து வயது மகன், மனைவியின் அண்ணன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய கால்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. உறவினர்களைப் பார்க்க ஏற்கெனவே ஒரு தடவை தமிழ்நாட்டுக்குப் போய் வந்திருந்தோம். ஆகவே இம்முறை வடக்கே போவது என்று முடிவாயிற்று. மூன்று ஆண்டுகளாகக் கூட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். இன்னொரு தடவை அம்மாவை இப்படி அழைத்துப் போக முடியும் என்ற நம்பிக்கை எங்களில் யாருக்கும் இல்லை. அதனால் இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

மச்சானுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு தாளில் பட்டியலே எழுதிக் கொண்டுவந்து விட்டார். டில்லி, அமிர்தசரஸ், சிம்லா, ஜெய்ப்பூர், ஆக்ரா, மும்பை, அஜந்தா, காசி, கொல்கத்தா, டார்ஜிலிங்!

“அவ்வளவு தூரம் போறோம் மாப்பிள்ளை. எதையும் விடக்கூடாது” என்றார்.

மறுநாள் அந்தத் தாளைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரைபட அளவை விளக்க வேண்டிய பாடம் இருந்தது. ஊருக்கு ஓர் ஊசியாகக் குத்தி, நூலைச் சுற்றி, அளந்து பார்க்கச் சொன்னேன். நேர்கோட்டிலேயே ஏறக்குறைய ஐயாயிரம் கிலோமீட்டர் வந்தது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். அதை ஆறு தடவைக்கு மேல் ஓடித் தீர்ப்பதற்குச் சமம்! ரயில்பாதை நேர்கோட்டில் போவதில்லை, இன்னும் கூடும். இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 லட்சம் சதுர கிலோமீட்டர்; நம் நாட்டைப் போல் பத்து மடங்கு. வடக்கிலிருந்து தெற்கே 3,214 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே 2,933 கிலோமீட்டர். பிள்ளைகளுக்குப் பல முறை எழுதிப் போட்ட இந்த எண்களை நானே அன்றுதான் உணர்ந்தேன். பத்து ஊர்ப் பட்டியலோடு போனால், 14 நாளில் பாதியை ரயிலிலும் நிலையத்திலும் கழித்துவிட்டு, ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் உட்கார வைத்து, “ஆளுக்கு ஓர் இடம்தான். இந்த ஒன்றைப் பார்க்காமல் திரும்பினால் மனம் ஆறாது என்பது எதுவோ, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றேன்.

மனைவி காசி என்றாள். மச்சான் பட்டறையில் இரும்போடு பழகுகிறவர். நெடுநேரம் யோசித்துவிட்டு, கொல்கத்தாவின் ஹவுரா பாலம் என்றார். மகனுக்குச் சிம்லா மலை ரயில். நான் சாரநாத் என்றேன். அசோகர் நாட்டிய தூணின் நான்கு சிங்கங்கள் அங்கே இருக்கின்றன. 1950இல் அதுவே இந்தியாவின் அரசுச் சின்னம் ஆயிற்று. எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்த சிங்கங்களை நேரில் பார்க்க ஆசை.

அம்மாவை நாங்கள் கேட்கவே இல்லை. கேட்பானேன்? வயதானவர், காசியைத்தான் சொல்வார் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்த அம்மா, “எனக்கு அந்தத் தாஜ்மகாலப் பாக்கணும்யா” என்றார்.

மச்சான் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய லயத்து வீட்டின் முன்னறையில் தொங்கிய மளிகைக்கடை நாட்காட்டி சட்டென நினைவுக்கு வந்தது. தேதித் தாள்கள் தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், படத்தை மட்டும் அப்பா கழற்றவில்லை. அது தாஜ்மகால் படம். “ஒரு நாளைக்கு உன்னைக் கூட்டிப் போறேன்” என்று, விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படும் அம்மாவிடம் அப்பா கேலியும் உண்மையுமாகச் சொல்வார். அப்பா போய்ச் சேர்ந்தார். லயத்தையும் இடித்துவிட்டார்கள். அம்மா அதை மறக்கவில்லை. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

அதன் பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. மச்சானின் திட்டப்படி ஆக்ராவுக்கு ஒரே நாள், அதுவும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகாலுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. அங்குள்ள பள்ளிவாசலில் தொழுகை நடக்கும் நாள். சாரநாத் அரும்பொருளகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. விசாரிக்காமல் போயிருந்தால், அம்மாவை வாசல் வரை அழைத்துப் போய், மூடிய கதவைக் காட்டித் திரும்பியிருப்போம்.

மறுநாள் வகுப்பில் மீதி ஊர்களுக்கு மட்டும் நூலைக் கட்டினேன். டில்லி, ஆக்ரா, காசி, கொல்கத்தா. 1,300 கிலோமீட்டர் சொச்சம். நூலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “சார், நூல் ஆறு போற வழியிலேயே போகுது” என்றாள். உண்மைதான்! டில்லியும் ஆக்ராவும் யமுனைக் கரையில் உள்ளவை. யமுனை பிரயாக்ராஜில் கங்கையோடு கலக்கிறது. காசி கங்கைக் கரை. கொல்கத்தா கங்கையின் கிளையான ஹூக்ளியின் கரை. வடநாட்டின் பழைய தலைநகரங்களும் சந்தைகளும் ஆற்றோரமாகவே வளர்ந்தன. சாலையும் ரயிலும் அந்தச் சமவெளி வழியாகவே பின்னர் வந்தன. ஆகவே ஆற்றைப் பின்பற்றினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. டில்லியில் இறங்கி, கொல்கத்தாவில் விமானம் ஏறினோம். கொல்கத்தா நமக்கு அந்நியமுமல்ல. 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அங்கிருந்துதான் ஆளப்பட்டன.

விடுபட்டது மகனின் சிம்லா. கால்காவிலிருந்து மலையேறும் அந்தச் சிறு ரயில் 1903இல் ஓடத் தொடங்கியது. 96 கிலோமீட்டர் பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைவழிகள் உண்டு. ஆனால் அது எங்கள் வழிக்கு எதிர்த்திசை. போய் வர மூன்று நாள் ஆகும். டிசம்பர்க் குளிரை அம்மா தாங்கமாட்டார். விவரத்தைச் சொன்னேன். “பரவால்லப்பா” என்றான், தலையை நிமிர்த்தவில்லை.

பட்டியலைக் குறைத்ததால் மிஞ்சிய நாட்களில் ஒன்றை ஆக்ராவில் வெறுமனே விட்டு வைத்தேன். சனிக்கிழமை போய்ச் சேருவது, அன்றே பார்ப்பது, ஞாயிறு சும்மா இருப்பது. “காசைக் கொடுத்து ஏன் சும்மா உட்காரணும்?” என்றார் மச்சான். வடநாட்டுக் குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் ரயில்கள் ஊர்ந்துதான் போகும். அந்தச் சனிக்கிழமை எங்கள் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். ஆக்ராவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாஜ்மகாலை வழக்கமாகச் சூரியன் மறைவதற்கு முன்புவரைதான் பார்க்கலாம். சும்மா விட்ட ஞாயிற்றுக்கிழமைதான் எங்களைக் காப்பாற்றியது.

காலையில் போனோம். புகை கக்கும் வண்டிகளை அருகே விடுவதில்லை. மின்கல வண்டியில் ஏற்றிப் போய் வாசலருகே இறக்கினார்கள். அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய உதவி. நுழைவாயிலைத் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து வெள்ளையாக அது மெல்லத் தெரிந்தது. அம்மா அங்கிருந்த கல் இருக்கையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை.

“இதக் கட்ட எத்தனை பேரு வேலை செஞ்சாங்க?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மும்தாஜ் இறந்தது 1631இல். அடுத்த ஆண்டு தொடங்கிய வேலை முற்றும் முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏறக்குறைய 20,000 பேர் உழைத்ததாகச் சொல்வார்கள். சலவைக்கல் ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்தது. தெரிந்ததைச் சொன்னேன்.

“அவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா?”

பெயர் இல்லை. ஆனால் கல்தச்சர்கள் பொறித்த சிறு குறிகளைச் சிவப்புக் கற்களில் இன்றும் காணலாம். வழிகாட்டி ஒரு நட்சத்திரத்தையும் முக்கோணத்தையும் காட்டினார். அம்மா குனிந்து ஒன்றைத் தடவிப் பார்த்தார். “நாங்களும் மரத்துல இப்படித்தான் கோடு போட்டோம்” என்றார். அப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

காசியில் மூன்று நாள் தங்கினோம். எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகளைப் படகிலிருந்தே பார்த்ததால் அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை. பாரதியார் இளமையில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஊர் அது என்று மகனுக்குச் சொன்னேன். பத்துக் கிலோமீட்டர் தள்ளிச் சாரநாத்; என் சிங்கங்களைக் கண்குளிரப் பார்த்தேன். கொல்கத்தாவில், 1943இல் திறந்த ஹவுரா பாலத்தைத் திருகாணியே இல்லாமல் தறையாணி கொண்டே இணைத்திருப்பதை மச்சான் ஒரு மாலை முழுவதும் அண்ணாந்து பார்த்தார். “பத்து ஊர் போயிருந்தா இத இப்படி நின்னு பாத்திருக்க முடியாது” என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இன்று அம்மா வாசற்படியைத் தாண்டுவதே சிரமம். மகன் வேலைக்குப் போகிறான். சிம்லாக் கடனை நான் இன்னும் தீர்க்கவில்லை. நாம் செய்த தேர்வு சரியாக இருந்தாலும், அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை அவன் முகம் எனக்கு நினைவூட்டுகிறது.

ஆகவே, பெரிய நாட்டுக்குப் புறப்படும் அன்பர்களே, வரைபடத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். ஒரே வழியில் அமையும் ஊர்களாக எடுங்கள். எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், “நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லப்போகும் ஊர் நீங்கள் நினைத்த ஊராக இராது.