காரைப்பேட்டைக்குப் போகும் மாருதி 800

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வெள்ளை மாருதி 800 ஒன்று இருக்கிறது. 1998 மாடல். ஒரு பட்டு வியாபாரி ஓட்டிக் கழித்ததை 2009ல் வாங்கினார். சேலைக் கட்டுகளையும் பாவையும் ஏற்றி இறக்கியே பாதி ஆயுள் போனது. 2023ல் அதற்கு வேறு வேலை வந்தது. மனைவிக்குக் கரண்ட் வைக்க (கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊர்ப் பக்கம் அதுதான் பெயர்) திங்கள் முதல் வெள்ளி வரை காரைப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும்.

போவதில் பிரச்னை இல்லை. வழியில் இருக்கும் பள்ளங்கள்தான் பிரச்னை. வண்டி ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் முன்பக்கம் 'டொக்கு' என்று ஒரு இடி. அந்த அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார், அவ்வளவுதான். பெரியவர் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினார். இரண்டாவது வாரம் வண்டியைக் கொண்டு போய் ஓரிக்கை பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் விட்டார்.

"ஐயா, இதுக்கு செலவு பண்றதுக்கு பேசாம குடுத்துடலாமே" என்றார் மெக்கானிக். வணிகவியல் படிக்கிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். 2 லட்சம் ரூபாய் வண்டிக்கு வருடம் 15 சதவீதம் குறைந்துசெல் முறையில் தேய்மானம் எழுதினால் 25 வருடத்தில் மிஞ்சுவது சுமார் 3,440 ரூபாய். மாற்ற வேண்டிய பாகங்களின் விலை அதைவிட அதிகம். ஆனால் வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்தது, திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும் என்கிற கணக்குக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. "நீங்க பாருங்க தம்பி" என்றார் பெரியவர்.

மாருதி 800ன் முன் சஸ்பென்ஷன் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸில் ஷெவர்லே கேடட் என்ற சின்னக் காருக்காக யோசித்தது. 1947ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்ட பிறகு அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950ல் ஃபோர்டு இங்கிலாந்தில் காட்டிய கான்சல், ஸெஃபிர் கார்களில் அது வந்தது. ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக நிற்க வைத்து, சக்கரத்தை அதன் அடியில் மாட்டிவிடுவதுதான் விஷயம். இடம் மிச்சம், பாகமும் குறைவு. நம் அம்பாசிடரில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது தெரியுமோ? முறுக்கு வாங்கும் நீளமான இரும்புத் தண்டுகள்தான். அது வேறு கதை, விடுங்கள்.

மெக்கானிக் முதலில் மட்காடை அழுத்தி விட்டார். நல்ல ஷாக் என்றால் ஒரு முறை எழும்பி நின்றுவிடும். இது ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பால் ஜாயிண்ட் கடகடவென்று ஆடியது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஷாக் போனால் உடம்பு நோகும். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். பத்து நாளாக அந்த அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டியது இந்த வண்டியைத்தான்.

பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்தார். கீழே நக்கிளோடு பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து அடித்ததும் ஒன்று வந்தது, இன்னொன்றின் தலை மழுங்கியது. அரை நாள் அதிலேயே போனது.

ஆபத்தான கட்டம் அதற்குப் பிறகுதான். ஸ்ட்ரட் வெளியே வந்துவிட்டாலும் ஸ்பிரிங் அதற்குள் அமுங்கியே இருக்கும். உச்சி நட்டைக் கழற்றினால் துப்பாக்கி மாதிரி பாயும். கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கைப் பிடித்த பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். கடைப் பையன் நைலான் கயிற்றை எடுத்து வந்தான். இப்படிக் கயிறு கட்டிக் கழற்றுகிற கடைகள் நிறைய உண்டு. (தயவுசெய்து அந்தக் கடைகளில் வேடிக்கை பார்க்கக்கூட நிற்காதீர்கள்.) மெக்கானிக் அவனைத் திட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் கம்ப்ரஸர் இரவல் வாங்கி வரச் சொன்னார்.

இரண்டு கொக்கிகள், எதிரெதிர் பக்கம். இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பாதியில் பெரியவர், "தம்பி, உங்க பக்கம் ஏறிடுச்சு, இந்தப் பக்கம் தொய்வா இருக்கு" என்றார். பார்த்தால் ஸ்பிரிங் லேசாக வளைந்திருந்தது. நாற்பது வருடம் பாவின் இழுப்பைப் பார்த்த கண். பாவு ஒரு பக்கம் தொய்ந்தால் கரை இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை போலும். அதன் பிறகு பையன் ஒரு பக்கம், மெக்கானிக் ஒரு பக்கம் உட்கார, பெரியவர் கோர்வைத் தறியில் ஆள் விடுவது மாதிரி "நீ விடு, நீங்க போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷாக், மேல் மவுண்ட், பேரிங், பால் ஜாயிண்ட்டோடு வரும் லோயர் ஆர்ம் எல்லாம் இரண்டு பக்கமும் புதிது. ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் விறைப்பாகவும் இன்னொரு பக்கம் தளர்வாகவும் போகும்.

லோயர் ஆர்ம் போல்ட்டை மட்டும் மெக்கானிக் கடைசி வரை இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகே கீழே படுத்து முறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பலர் செய்கிற தவறு இது. புதிதாகப் போட்ட ஆர்ம் சில மாதத்திலேயே சத்தம் போட்டால் பாகத்தைத்தான் குறை சொல்வார்கள். மறுநாள் ஞாயிறு என்பதால், வீல் அலைன்மென்ட்டையும் அன்று சாயங்காலமே கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை. அதே சாலை, அதே பள்ளங்கள். பெரியவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் மனைவியின் கையைப் பார்த்தார். கை மடியில் இருந்தது. இரண்டு பள்ளம் தாண்டியாயிற்று.

"ஏங்க, பின்னாடி ஏதோ கீச்சு கீச்சுனு கேக்குதே?" என்றார் அந்த அம்மா.

திரும்பும் வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினார்கள். "பின்னாடி புஷ்ஷும்மா. ரொம்ப நாளாவே போயிருக்கும். முன்னாடி போட்ட சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார் அவர். அதை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.